தவறான ஆப்ஷன் ஏன் தவறு? நுழைவுத்தேர்வுப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுழைவுத்தேர்வுகளின் வாசிப்புப் பகுதிக்கும் தர்க்கப் பகுதிக்கும் பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் படிக்கும் மாணவர்களில் சிலர் வகுப்பு முடிந்த பிறகு என்னிடமும் வருகிறார்கள். நான் புதிதாகப் பாடம் எதுவும் நடத்துவதில்லை. அவர்கள் எழுதி முடித்த மாக் டெஸ்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் "இதை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்பதுதான் என் வேலை. பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரெண்டு ஆப்ஷன் வரைக்கும் வந்துட்டேன், அப்புறம் இதுதான் சரின்னு தோணுச்சு." சரி, கைவிட்ட அந்த இன்னொரு ஆப்ஷன் எப்படிச் சரியானது என்று கேட்டால், "ஆன்சர் கீயில அதுதான் போட்டிருக்கு" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. இப்படியே ஒரு டெஸ்ட் முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் இன்னொன்று. மதிப்பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இவர்கள் சோம்பேறிகள் இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். கோளாறு பயிற்சியின் அமைப்பில் இருக்கிறது என்பது என் கட்சி. ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: மாக் டெஸ்டுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரம் முழுவதையும், எழுதிய டெஸ்டைத் திரும்பப் பார்ப்பதற்குக் கொடுங்கள். சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்வதைத் திரும்பப் பார்ப்பது என்று நான் சொல்லவில்லை. தவறான ஒவ்வொரு ஆப்ஷனும் ஏன் தவறு என்று மாணவர் தன் வாயால் சொல்ல வேண்டும். கீழே இருப்பதெல்லாம் இதற்கான வாதம்தான்.

முதலில், தேர்வுகளே மாறிவிட்டன. அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட்டில் 'லாஜிக் கேம்ஸ்' என்று எல்லோரும் சொல்லிவந்த புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து இல்லை. இப்போது மதிப்பெண்ணுக்கு உரிய மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கம், ஒன்று வாசிப்பு. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டின் புதிய வடிவம் 2023 நவம்பரில் வந்தபோது வாக்கியத் திருத்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். மொழிப் பகுதியில் எஞ்சியவை வாசிப்பும் தர்க்க ஆய்வும்தான். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட், 2020 முதல் பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் தேர்வாகிவிட்டது. அமெரிக்க மருத்துவப் படிப்புக்கான எம்கேட்டில் 53 கேள்விகள் கொண்ட ஒரு முழுப் பகுதி வாசிப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது; அதற்குப் பாடப்புத்தக அறிவு எதுவும் வேண்டியதில்லை. கட்டம் போட்டுப் பழகினாலோ விதிகளை மனப்பாடம் செய்தாலோ ஏறிவிடக்கூடிய பகுதிகள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. நம் வகுப்புகள் மட்டும் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பார்த்தால் நான் சொல்வது விளங்கும். இது நான் எழுதியது. அச்சு மட்டும் நீங்கள் தினமும் பார்ப்பதுதான்.

"தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்ட ஆண்டில், தலைக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்த சைக்கிள் ஓட்டிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கால்வாசி குறைந்தது. ஆகவே, தலைக்கவசம் அணிவது தலைக்காயத்தைத் தடுக்கிறது." கீழே உள்ளவற்றில் எது உண்மையானால் இந்த வாதம் மிகவும் பலவீனமாகும்?

(அ) தலைக்கவசம் அணிந்தவர்களிலும் சிலருக்குத் தலைக்காயம் ஏற்பட்டது.
(ஆ) அந்த ஆண்டில் சைக்கிள் ஓட்டுவோரின் எண்ணிக்கையே கால்வாசி குறைந்துவிட்டது.
(இ) தலைக்கவசத்தின் விலை அதிகம் என்று பலர் குறைபட்டுக்கொண்டார்கள்.
(ஈ) அந்த ஆண்டில் கை, கால் காயங்களோடு வந்த சைக்கிள் ஓட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை.

விடை ஆ. ஓட்டுபவர்களே குறைந்துவிட்டால் காயமும் குறையத்தான் செய்யும். அதில் தலைக்கவசத்தின் பங்கு என்ன என்று கேட்கலாம். வகுப்பில் பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ஆனால் இந்தக் கேள்வியில் கற்க வேண்டியதெல்லாம் மற்ற மூன்று ஆப்ஷன்களில்தான் கிடக்கிறது.

ஈ-யைப் போட்டவரை எடுத்துக்கொள்வோம். "குறையவில்லை" என்ற சொல்லைப் பார்த்ததும், வாதத்துக்கு எதிரான தகவல் என்று நினைத்துவிட்டார். கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைந்ததால்தான் தலைக்காயம் குறைந்தது என்றால், கை கால் காயமும் கூடவே குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அது குறையவில்லை. அப்படியானால் தலைக்கு மட்டும் ஏதோ ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. ஈ இந்த வாதத்தை உடைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. அதோடு, ஆ எழுப்புகிற சந்தேகத்துக்கே அது பதிலும் சொல்கிறது. இதை ஒருமுறை தானாகக் கண்டுபிடித்த மாணவர், ஒரு மாற்றத்துக்குக் காரணம் சொல்லும்போது அந்த மாற்றம் எட்டாத இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டுவிடுகிறார். அடுத்த முறை அது மருந்து, விளம்பரம், வரி என்று எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

அ-வைப் போட்டவரின் சிக்கல் வேறு. "தடுக்கிறது" என்பதை "முழுக்கத் தடுக்கிறது" என்று படித்துவிட்டார். முடிவு எந்த அளவுக்குச் சொல்கிறது என்பதில் அவருக்குக் கண் பழகவில்லை. இ-யைப் போட்டவரோ, தலைக்கவசம் என்ற சொல் வந்ததால் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார். வாதம் எதைப் பற்றியது என்பதையே கைவிட்டுவிட்டார். மூவருக்கும் மூன்று விதமான கோளாறு. ஆன்சர் கீ மூவருக்கும் ஒரே பெருக்கல் குறியைப் போடுகிறது. நாமும் மூவரிடமும் "இன்னும் பத்து கேள்வி போட்டுப் பாருங்க" என்கிறோம். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை.

ஆ-வைச் சரியாகப் போட்டவரையும் விட்டுவிடாதீர்கள். அவரிடம் ஈ-யைப் பற்றிக் கேளுங்கள். பாதிப் பேர் "அது சம்பந்தமில்லாதது" என்பார்கள். இல்லை, சம்பந்தம் இருக்கிறது, எதிர்த்திசையில் இருக்கிறது. விடை சரி, காரணம் தவறு. இந்த மாணவர் அடுத்த தேர்வில் வழுக்குவார். ஏன் வழுக்கினார் என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

"ஒரு கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்தால் வேகம் எப்படி வரும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கணக்கைப் போட்டுவிடலாம். எல்சாட் வாசிப்புப் பகுதிக்கு 35 நிமிடம், நான்கு தொகுப்புகள் (பத்தியும் அதற்கான கேள்விகளும் சேர்ந்தது ஒரு தொகுப்பு). ஒன்றுக்கு 8 நிமிடம் 45 விநாடி. ஒரு தொகுப்பில் படிக்க வேண்டியது ஏறக்குறைய 450 முதல் 500 சொற்கள். ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்தைப் பெரியவர்கள் மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரைஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். அந்த வேகத்தில் ஒரு பத்தியை இரண்டு நிமிடத்தில் முடிக்கலாம். அடர்த்தியான எழுத்து, நின்று நிதானித்துப் படிக்கிறார், ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியும் இல்லை என்று வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் கொடுங்கள். அப்போதும் ஆறேழு கேள்விகளுக்கு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் இருக்கிறது.

அப்படியானால் நேரம் எங்கே போகிறது? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாணவர் தேர்வெழுதுவதைப் பாருங்கள். ஆ-வில் நிற்பார். ஈ-க்குப் போவார். திரும்பப் பத்திக்குப் போய் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். பாதியில் விட்டுவிட்டு மறுபடி ஆ. இந்த ஊசலாட்டத்தில்தான் நிமிடங்கள் கரைகின்றன. ஒரு ஆப்ஷனைத் தள்ளுவதற்குக் காரணம் கையில் இல்லாதவருக்கு எவ்வளவு வேகமாக வாசிக்கத் தெரிந்தும் பயனில்லை. காரணம் சொல்லிப் பழகியவர் ஈ-யைப் பார்த்ததும் "இது எதிர்த்திசை" என்று தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார். வேகம் அங்கிருந்து வருகிறது.

அதனால்தான் வேக வாசிப்பு வகுப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. வரியின் மேல் விரலை ஓட்டுவது, மனதுக்குள் உச்சரிக்காமல் படிப்பது, ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரியும் கடைசி வரியும் போதும் என்பது. கீத் ரேனரும் சகாக்களும் இத்துறையின் ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியிட்ட விரிவான கட்டுரையின் முடிவு எளிமையானது: வேகத்தை மிகவும் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் குறுக்குவழி இல்லை. முதல் வரி, கடைசி வரி உத்தியை எடுத்துக்கொண்டால், கேள்வி எழுதுபவர்களுக்கும் அது தெரியும். ஆசிரியர் தன் நிலையை மாற்றிக்கொள்ளும் அந்த "ஆனால்" நடுப்பத்தியின் நடு வரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

'எல்லா', 'எப்போதும்', 'மட்டுமே' போன்ற அழுத்தமான சொற்கள் இருந்தால் அந்த ஆப்ஷனை அடித்துவிடு என்ற சூத்திரமும் அப்படித்தான். பாதி உண்மை. பத்தியிலிருந்து எதை ஊகிக்கலாம் என்று கேட்கும்போது அழுத்தமான ஆப்ஷன் பெரும்பாலும் பத்தியைத் தாண்டிப் போய்விடும். அப்போது சூத்திரம் வேலை செய்யும். எதைச் சேர்த்தால் இந்த முடிவு ஐயமில்லாமல் நிலைநிற்கும் என்று கேட்டால் கதையே தலைகீழ்: அங்கே ஆப்ஷன் எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது. சூத்திரத்தை மட்டும் வைத்திருக்கும் மாணவர் சரியான விடையை முதலில் அடித்துவிட்டு மீதி மூன்றோடு மல்லுக்கட்டுவார்.

வாசிப்புக்கும் ஓர் உதாரணம் தருகிறேன். பத்தி இது:

"கண்டங்கள் இடம்பெயர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் முன்வைத்தபோது அவரிடம் சான்றுகள் இருந்தன: பெருங்கடலின் இரு கரைகளிலும் ஒரே வகைப் புதைபடிவங்கள், ஒன்றோடொன்று பொருந்தும் பாறை அடுக்குகள். ஆனால் அவ்வளவு பெரிய நிலப்பரப்பை நகர்த்துவதற்கு அவர் காட்டிய விசைகள் போதாதவை. அதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் கணக்கில் தவறவில்லை. கடல்தரை விரிவடைவது 1960களில் தெளிவான பிறகே நிலைமை மாறியது. இடைப்பட்ட காலத்தின் தயக்கத்தைப் பிடிவாதம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவது, பின்னால் வந்தவர்களுக்கு எளிது."

இதை எழுதியவர் கீழே உள்ளவற்றில் எதை ஏற்பார்? (அ) புவியியலாளர்களின் பிடிவாதம் ஒரு பெரிய உண்மையைப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போட்டது. (ஆ) சான்றுகள் உள்ள ஒரு கருத்தையும், அது எப்படி நிகழ்கிறது என்பது விளங்காதபோது, ஒருவர் நியாயமாகவே சந்தேகிக்கலாம். (இ) வெகனர் காட்டிய புதைபடிவச் சான்றுகள் தவறானவை. (ஈ) எப்படி நிகழ்கிறது என்பது விளங்கும்வரை எந்த அறிவியல் கருத்தையும் ஏற்கக் கூடாது.

இதில் அதிகம் மாட்டுபவர் வெகனரின் கதையை ஏற்கனவே தெரிந்தவர். கேலி செய்யப்பட்ட மேதை, கண்ணை மூடிக்கொண்ட நிபுணர்கள் என்று பள்ளியில் கேட்ட கதை மனதில் இருக்கிறது. அ-வைப் பார்த்ததும் நிம்மதியாகப் போட்டுவிடுகிறார். பத்தியின் கடைசி வரியோ அந்தக் கதையைத்தான் மறுக்கிறது. இ-யைப் போட்டவர், விசைகள் போதாதவை என்றதைச் சான்றுகளின் மேல் ஏற்றிவிட்டார். ஈ-யைப் போட்டவர் பாதையைச் சரியாகப் பிடித்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விட்டார். ஒரு தயக்கம் நியாயமானது என்று சொல்வதற்கும், எல்லோரும் எப்போதும் அப்படித் தயங்க வேண்டும் என்பதற்கும் இடைவெளி நிறைய. விடை ஆ.

"வெளியறிவைப் பயன்படுத்தாதே" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது அவ்வளவு எளிதில்லை. ஜோனதன் எவன்ஸும் அவருடைய சகாக்களும் 1983இல் செய்த சோதனைகளில், முடிவு நம்பும்படியாக இருந்தால், அதைத் தாங்காத வாதத்தையும் மக்கள் சரியென்று ஏற்றுக்கொண்டார்கள். மனதின் இயல்பே அப்படி. இன்னொரு பக்கம், 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாரானவர்கள் என்று கருதப்பட்டிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாகவும் ஆட்டம் தெரியாதவர்களாகவும் இருந்த பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆக, பத்தியைப் படிக்கும்போது அறிவு கைகொடுக்கிறது, விடையைத் தேர்ந்தெடுக்கும்போது காலை வாருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உத்தி வகுப்பில் ஒன்றை நிறுத்திவிட்டு, மாணவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத துறையில் ஒரு நீண்ட கட்டுரையைப் படிக்கக் கொடுத்தால் தப்பில்லை. படித்து முடித்ததும், எழுதியவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து, சொல்லச் சங்கடமான ஒரு விஷயம். நீங்களே எழுதும் கேள்விகள். எல்சாட்டில் மதிப்பெண் இல்லாத ஒரு பகுதியும் உண்டு. வருங்காலத் தேர்வுகளுக்கான கேள்விகளை உண்மையான தேர்வர்களிடம் அதில் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். நம் பயிற்சித் தாள்களில் வரும் கேள்விக்கு அந்தச் சோதனை கிடையாது. முந்தின நாள் ராத்திரி எழுதி, காலையில் நகலெடுத்து வகுப்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு ஆப்ஷன்களையும் நியாயப்படுத்தக்கூடிய கேள்விகளை இப்படிப்பட்ட தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் சரியாகவே யோசித்து ஒன்றைப் போடுகிறார். கீ இன்னொன்றைச் சொல்கிறது. அவர் என்ன கற்றுக்கொள்கிறார்? தன் யோசனையை நம்பக் கூடாது என்று. பிறகு அசல் தேர்விலும் கேள்வியில் இருப்பதை விட்டுவிட்டு, கேள்வி எழுதியவரின் மனதை ஊகிக்கப் பார்க்கிறார். இந்தச் சேதத்தைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

அசல் பழைய தாள்கள் இல்லாமல் இல்லை. எல்சாட்டை நடத்தும் அமைப்பு டஜன் கணக்கில் பழைய தேர்வுகளை இணையத்தில் தருகிறது. ஜிமேட்டுக்கு அதிகாரபூர்வக் கேள்வித் தொகுப்புகள் உண்டு. கேட் (ஐஐஎம்களின் மேலாண்மைப் படிப்புக்கானது), கிளாட் தேர்வுகளின் பழைய தாள்களும் கிடைக்கின்றன. ஆனால் அவை எண்ணி வைத்த சரக்கு. முதல் மாதத்திலேயே வாரம் மூன்று என்று கொளுத்திவிட்டால், மாணவருக்கு யோசிக்கத் தெரிகிற நேரத்தில் அசல் கேள்வி மிச்சமிருக்காது. மாக் டெஸ்டைக் குறையுங்கள் என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, திரும்பப் பார்ப்பதை எப்படிச் செய்வது? எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது இதுதான். நேரம் வைத்து டெஸ்ட் எழுதும்போதே, சந்தேகமான கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஆன்சர் கீயைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ, கடிகாரம் இல்லாமல், புள்ளி வைத்த கேள்விகளை மறுபடி போடட்டும். ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்தில் அது ஏன் சரி, ஏன் தவறு என்று ஒரு வரி எழுதட்டும். அப்புறம் கீயைத் திறக்கலாம். இப்போது கையில் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். இருபத்தைந்து கேள்விகளில் ஒருவருக்குக் கடிகாரத்தோடு 14, கடிகாரம் இல்லாமல் 22 என்றால் அவருக்கு யோசிக்கத் தெரியும், பழக்கம்தான் போதவில்லை. இன்னொருவருக்கு 14, பிறகு 15 என்றால், பாவம், கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. இந்த இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து "டைம் மேனேஜ்மென்ட்" சொல்லித்தருவதில் இரண்டாமவருக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை.

இரண்டாவது முறையும் தவறாகப் போட்ட கேள்விகள்தான் தங்கம். அவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "கவனக்குறைவு", "சில்லி மிஸ்டேக்" என்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "வாதம் 'சிலர்' என்றது, நான் 'பெரும்பாலோர்' என்று படித்தேன்" என்று எழுதினால் அது பதிவு. "ஆசிரியர் மற்றவர்களின் கருத்தைச் சொன்ன வரியை அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டேன்" என்றால் அதுவும் பதிவு. இப்படி இரண்டு மூன்று வாரம் எழுதினால் ஒரே தவறு வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது மாணவருக்கே தெரிந்துவிடும்.

டெஸ்ட் எழுதுவதே கற்றல்தான் என்று ஆராய்ச்சி சொல்கிறதே என்று சிலர் மறுப்பார்கள். ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வை மனதில் வைத்துச் சொல்வார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்பது அதன் சாரம். மறுக்கவில்லை. ஆனால் அது படித்த ஒன்றை நினைவுகூர்வதைப் பற்றியது. வாசிப்புப் பகுதியில் நினைவுகூர எதுவும் இல்லை. ஒவ்வொரு பத்தியும் புதுசு. இங்கே மனதில் தங்க வேண்டியது ஒரு ஆப்ஷனைத் தள்ளியதற்கான காரணம் மட்டும்தான். அந்தக் காரணத்தை ஒருமுறையாவது சொல்லியிருந்தால்தானே அது தங்கும்?

காரணத்தோடு ஒரே ஒரு ஆப்ஷனைத் தள்ள முடிந்தாலும் லாபம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட் தேர்வில் ஆப்ஷன் கொடுத்துக் கேட்கும் கேள்விக்குச் சரியான விடைக்கு 3, தவறுக்குக் கழிவு 1. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒன்றை உறுதியாகத் தள்ளிவிட்டு மீதி மூன்றில் ஒன்றைப் போட்டால் கேள்விக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். கிளாட்டில் கழிவு 0.25 மட்டுமே. எல்சாட்டில் கழிவே கிடையாது. ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது. "தெரியாததைத் தொடாதே" என்று எல்லாத் தேர்வுக்கும் ஒரே அறிவுரை தருபவர்கள் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தாய்மொழி அல்லாத மொழியில் தேர்வெழுதும் மாணவர்களைப் பற்றியும் ஒன்று. அவர்களுக்கு நாம் கொடுப்பது நீண்ட சொற்பட்டியல். சொல் தெரிய வேண்டும்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தலைக்கவசக் கேள்வியில் கடினமான சொல் ஒன்றாவது இருந்ததா? அவர்கள் சிக்குவது சொற்களுக்கு இடையில் இருக்கும் உறவில்: எது முடிவு, எது சான்று, எது எதிராளியின் குரல். தேர்வு எந்த மொழியில் இருந்தாலும், திரும்பப் பார்க்கும் நேரத்தில் வாதத்தைத் தாய்மொழியில் சொல்ல விடுங்கள். தேர்வு மொழியிலேயே விளக்கு என்று கட்டாயப்படுத்தினால் பத்தியின் வாக்கியங்களையே திருப்பி ஒப்பிப்பார்கள். புரிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. தன் மொழியில் சொல்லும்போது ஓட்டை உடனே தெரிந்துவிடும்.

உங்கள் தரப்பில் உள்ள நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எத்தனை மாக் டெஸ்ட்?" பக்கத்து நிறுவனம் நாற்பது என்று அச்சடித்தால் நீங்கள் ஐம்பது என்று அச்சடிக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டுவது சுலபம், ஒரு மாணவர் ஈ-யை ஏன் தள்ளினார் என்பதை எந்தத் துண்டறிக்கையிலும் காட்ட முடியாது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்க நேரமில்லை என்பதும் உண்மை. அதற்கு ஒரு வழி உண்டு. மூன்று மூன்று பேராகப் பிரித்து விடுங்கள். வெவ்வேறு விடை போட்டவர்களை ஒரே குழுவில் உட்கார வைத்து, கீ இல்லாமல், ஒருவரையொருவர் சம்மதிக்க வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் நடந்துகொண்டே கேட்டால் போதும். யார் எங்கே வழுக்குகிறார் என்பது காதிலேயே விழும்.

அடுத்த மாதம் ஒரே ஒரு பிரிவில் செய்து பாருங்கள். வாரம் இரண்டு மாக் என்றால் ஒன்றாக்குங்கள். மற்ற நாளில் எழுதிய தாளையே எடுத்துக்கொண்டு, தவறாகப் போட்டவரை முதலில் பேசவிடுங்கள்; அவர் பேசி முடிக்கும்வரை சரி, தவறு என்று தலையை ஆட்டாமல் இருங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை, பெயரை எடுத்துவிட்டு, எழுதி வையுங்கள். எந்த வகைக் கேள்வியில் எந்தத் தவறான ஆப்ஷனுக்கு மாணவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்ற தொகுப்பு எதுவும் என் கைக்கு இதுவரை வரவில்லை. உங்களிடம் அப்படி ஒன்று சேர்ந்தால் மற்ற ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். என்னிடம் உள்ளவற்றை நானும் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களின் பழைய டெஸ்ட் தாள்களோடு மாலை நேரங்களைக் கழிக்கும் ஒருவர்